சேவல் படம் போட்ட ஷார்ட்கட்

ஒரு மென்பொருள் திறந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இப்போது பிடிவாதமான கருத்து இருக்கிறது. அது கேட்க வேண்டும். உட்கார்ந்திருப்பது யார், இன்றைக்கு என்ன வேலை என்று இரண்டு கேள்வியாவது கேட்க வேண்டும். வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். "நம்ம ஆளுங்களுக்கு அவ்ளோ நேரம் இல்லம்மா, தொறந்தா உடனே வேலை ஓடணும் லா" என்பார்கள். நான் தலையசைத்துக் கேட்டுக்கொள்வேன். பிறகு அந்த இரண்டு கேள்விகளையும் வைத்துத்தான் கொடுப்பேன். திறந்தவுடன் வேலை ஓடுகிற மாதிரி ஒன்றை நான் ஏற்கெனவே செய்து பார்த்தாகிவிட்டது. அதற்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

அது பாசிர் கூடாங்கில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு எண்ணெய்க் கிடங்கு. பிஸ்கட், நொறுக்குத்தீனி வகைகள் செய்யும் ஆலைகளுக்குச் சமையல் எண்ணெயும், சவர்க்கார ஆலைகளுக்கு மட்ட ரக எண்ணெயும் அங்கிருந்து லாரிகளில் போகும். வாசலில் லாரியை நிறுத்தி எடை பார்க்கும் மேடை. அதைத் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் 'திம்பாங்' என்றுதான் சொல்வார்கள். அதை ஒட்டி ஒரு சிறிய அறை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் ஒரு பெயிண்ட் வாளி, பிளாஸ்டிக் தாள் சுற்றிய விசைப்பலகை, சுவரில் குதிரைப்பந்தய நாட்கள் அச்சிட்ட சீனக் காலண்டர். அந்த ஒரே கணினியில் ஓடும் மென்பொருள் எங்கள் நிறுவனத்துடையது. நாங்கள் மொத்தம் ஆறு பேர். அந்த மென்பொருளை எழுதியவளும் அதன் புகார்களைக் கேட்டுவருபவளும் நான்தான்.

முதல் முறை போனபோது காலை ஏழு மணி ஷிப்ட். வெளியே பன்னிரண்டு லாரிகள் சாலைவரை நின்றன. உள்ளே இருந்த இளைஞர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மேடம், உங்க சாப்ட்வேர் தொறக்குறதுக்குள்ள நான் ஒரு தே ஓ குடிச்சு, கிளாஸைக் கழுவி, கவுத்து வச்சுடுறேன். பாக்குறீங்களா?"

பார்த்தேன். கைப்பேசியில் நேரமும் எடுத்தேன். முதலில் எங்கள் நிறுவனச் சின்னத்தோடு ஒரு ஜன்னல். அடுத்தது பெயரும் கடவுச்சொல்லும். அதற்குப் பின் எண்ணெய் வகை, பின் லாரியை நிரப்ப எந்தக் குழாய்மேடை என்று. நான்கு ஜன்னல்கள், எட்டு சொடுக்குகள். அவர் உண்மையிலேயே பால் கலக்காத அந்தத் தேநீரைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். அவரைத்தான் பிறகு நான் மணக்க இருந்தேன்.

எனக்கு எதையும் பட்டியலாக எழுதினால்தான் புரியும். அன்று மாலையே நோட்டில் இரண்டு பத்திகள் போட்டேன். இடப்பக்கம், 'மென்பொருள் தானே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை'. வலப்பக்கம், 'ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியவை'. அடுத்த சில வாரங்களில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அந்த அறைக்கு ஆறேழு முறை போனேன். அவ்வளவு தடவை போகத் தேவையில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியில் முடிவானது இதுதான். முகப்புச் சின்ன ஜன்னல் கிடையாது. கடவுச்சொல் ஜன்னல் கிடையாது. கணினித் திரையில் நான்கு ஷார்ட்கட் படங்கள், நான்கு ஊழியர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. தன் படத்தை இரண்டு முறை தட்டினால், அவர் கடைசியாக எப்படி விட்டுவிட்டுப் போனாரோ அப்படியே மென்பொருள் திறக்கும். அதே எண்ணெய் வகை, அதே குழாய்மேடை. திறந்த நேரமே அன்றைய வருகைப் பதிவாக அலுவலகத்துக்குப் போய்விடும்.

படங்களை நானே வரைந்தேன். அவர் வீட்டில் செராமா என்கிற குட்டிச் சேவல்கள் வளர்த்தார், போட்டிக்கெல்லாம் கொண்டுபோவார். ஆகவே அவருக்குச் சேவல். அவரோடு வேலை செய்த மலாய்க்கார அண்ணனுக்கு மீன், விடுமுறை என்றால் தூண்டிலோடு போய்விடுவார் என்பதால். சீன அங்கிளுக்கு டுரியான். நான்காவது ஆளுக்கு மோட்டார் சைக்கிள். மீன் படத்தைப் பார்த்த மலாய் அண்ணன், அபாங் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், முகத்தைச் சுருக்கினார்.

"இது கெம்போங் லா. சந்தையில ஒரு கிலோ வாங்கிற மீனு. எனக்கு தூண்டில்ல மாட்டுற சியாகாப் வேணும்."

"படம் கடுகு மாதிரி இருக்கு அபாங், அதுல என்னா கெம்போங், என்னா சியாகாப்?" என்றார் அவர்.

"உன் ஆயாம், அந்தச் சேவலு மட்டும் வால் வரைக்கும் தெரியுது. எனக்குத் தெரியாதா, யாரு வரைஞ்சான்னு?"

நான் மீனுக்கு இன்னும் ஒரு துடுப்பு சேர்த்துக் கொடுத்தேன்.

நோட்டின் வலப்பக்கத்தில் கடைசிவரை ஒரு வரி தங்கியிருந்தது. 'எண்ணெய் வகை – கேட்க வேண்டுமா?' கேள்விக்குறியோடு. ஒருவர் நேற்று விட்ட வகை இன்றைய முதல் லாரிக்குப் பொருந்தாமல் போகலாம் என்று எனக்குத் தோன்றியிருந்தது. அவரிடம் கேட்டேன்.

"திரையில பெருசா தெரியுதுல்ல? நாங்க பாத்துக்குவோம். அதையும் கேட்டா மறுபடியும் தே ஓ கதைதான்" என்றார்.

அது சொகுசுக்காகச் சொன்ன பதில். பயன்படுத்துகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மாட்டேன் என்று சொல்வது என் வேலை. அவருக்கு முன்னால் எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. பேனாவால் அந்த வரியை அடித்தேன். கோடு நேராக வரவேண்டும் என்று ஸ்கேல் வைத்து அடித்தது நினைவிருக்கிறது.

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. சீனக் காலண்டரின் பின்பக்கம் பென்சிலால் சில எழுத்துகள் இருக்கும். நோன்புப் பெருநாளில் அபாங்கின் ஷிப்டை இவர் பார்ப்பார். தீபாவளிக்கு இவர் ஷிப்டை அபாங் பார்ப்பார். சீனப் புத்தாண்டில் இருவருமாக அங்கிளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முறைப்படி மாற்றிக்கொள்ள மேலாளர் கையெழுத்து வேண்டும், பண்டிகை வாரத்தில் அந்தக் கையெழுத்து கிடைக்காது. ஆகவே யாரும் கேட்பதில்லை. காகிதத்தில் யார் பெயர் இருந்தாலும் மேடையில் ஓர் ஆள் இருப்பார். பல வருஷங்களாக அது அப்படித்தான் நடந்தது.

போன வருஷத்துக்கு முந்தின தீபாவளியன்று காலை பத்து மணிக்கு அவர் தன் பெற்றோருடன் கெலாங் பாத்தாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்கு நாள் பேச வந்திருந்தார்கள். அட்டவணைப்படி அன்று காலை ஷிப்ட் அவருடையது.

"லீவு கெடைச்சிருச்சா தம்பி?" என்று என் அப்பா கேட்டார்.

"ஆள் இருக்காங்க அங்கிள்" என்றார் அவர். பொய் சொல்லவில்லை.

பெரியவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவர் கைப்பேசியை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். அபாங் காலை ஏழு மணிக்கு அனுப்பிய செய்தி: 'மச்சா, ஆயாம் சுடா மாசோக் கெர்ஜா.' மச்சா, கோழி வேலைக்கு வந்தாச்சு.

அவருடைய வருகைப் பதிவு போய்விடக் கூடாது என்று அபாங் தன் மீனை விட்டுவிட்டு இவருடைய சேவலைத் தட்டித் திறந்திருக்கிறார். எனக்கு அது ஒரு நொடியில் புரிந்தது. நான் சிரித்தேன். நான் வரைந்த சேவல் வேலைக்குப் போயிருக்கிறது என்று சிரித்தேன். அதை எழுதியவள் நான். சேவலைத் தட்டினால் சேவல் நேற்று விட்ட எண்ணெய் வகையோடுதான் திறக்கும் என்று அந்த நொடியில் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

முந்தின நாள் மாலை அவர் அனுப்பிய கடைசி லாரிகள் எல்லாம் சவர்க்கார ஆலைக்கு. அன்று காலை முதல் லாரி பிஸ்கட் ஆலைக்கு. அபாங்குக்குத் தன் மீன் திறக்கும் விதம்தான் பழக்கம். அவர் எப்போதும் சமையல் எண்ணெயில் விட்டுவிட்டுத்தான் எழுந்துபோவார். வெளியே ஹாரன் சத்தம். சவர்க்கார எண்ணெய்க்கே சீட்டு அச்சானது. அதில் இருந்த குழாய்மேடைக்கு லாரி போனது. நிரப்புகிறவர் சீட்டைப் பார்த்து நிரப்பினார். பிஸ்கட் ஆலையில் வாடையை வைத்துக் கண்டுபிடிப்பதற்குள் பாதி எண்ணெய் அவர்களுடைய தொட்டியில் இறங்கிவிட்டது. நல்ல வேளை, யார் வாய்க்கும் போகவில்லை. அந்தத் தொட்டி முழுவதையும் கொட்டிக் கழுவினார்கள்.

சீட்டில் அவர் பெயர். வருகைப் பதிவில் அவர் பெயர். கிடங்கு நிர்வாகம் எங்களிடம் எழுத்துப்பூர்வ அறிக்கை கேட்டது. அந்தக் காலை மென்பொருளில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

அடுத்த நாள் மத்தியானம் மாசாயில் ஒரு மாமாக் தேநீர்க் கடையில் அவரைப் பார்த்தேன். இரண்டு தே தாரே ஆறிக்கொண்டிருந்தது.

"அபாங்க மட்டும் இழுத்துடாத" என்றார் முதலில். "அவருக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் லெட்டர் இருக்கு. இன்னொண்ணு வந்தா நேரா வீட்டுக்குத்தான். நாலு பிள்ளைங்க."

"அப்போ உங்களுக்கு?"

"எனக்கு இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. சாப்ட்வேர்லயும் தப்பு இருக்குனு தெரிஞ்சா வார்னிங்கோட விட்டுடுவாங்க. மேனேஜரே சொன்னாரு." அவர் கிளாஸை விரலால் சுற்றினார். "என்னைக் காப்பாத்துனு கேக்கல. பொய் எழுதுனு கேக்கல. அது எண்ணெய் வகைய கேக்கலனு ஒரு வரி. கேக்கணும்னு மொதல்ல இருந்துச்சு, அப்புறம் எடுத்துட்டோம்னு. உன் நோட்டுலயே இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

"அது போதும்மா."

எழுதுகிறேன் என்று நான் சொல்லவில்லை. எழுத மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் என் மௌனத்தைச் சரி என்று எடுத்துக்கொண்டார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அலுவலகத்தில் எங்கள் முதலாளி கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார். கத்துகிற மனிதர் இல்லை.

"இன்னும் மூணு கிடங்குல இதே வெர்ஷன் ஓடுது. டிசைன்ல கோளாறுனு ஒரு வரி வெளிய போச்சுன்னா மூணும் போயிடும். நீ நியாயம் எழுத வேண்டாம். சிஸ்டம் லாக் பதிவு என்ன சொல்லுதோ அத எழுது. இப்ப எனக்கு மட்டும் சொல்லு, சாப்ட்வேர் தப்பா?"

"டிசைன்படிதான் வேலை செஞ்சிருக்கு பாஸ்" என்றேன்.

அன்று எழுதிய ஆறு குறிப்புகளும் எனக்கு இன்றும் மனப்பாடம். ஒன்று, காலை ஷிப்ட் தொடக்கத்தில் இன்னாருடைய ஷார்ட்கட் வழியாக மென்பொருள் திறக்கப்பட்டது. இரண்டு, அந்த ஷார்ட்கட் அந்த ஊழியருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. மூன்று, எண்ணெய் வகை அதே கணக்கின் முந்தைய அமர்விலிருந்து வந்தது. நான்கு, பயனர் அதை மாற்றவில்லை. ஐந்து, எண்ணெய் வகை திரையின் மேற்பகுதியில் தெளிவாகக் காட்டப்பட்டிருந்தது. ஆறு, மென்பொருள் வடிவமைத்தபடியே இயங்கியது.

'அவர் திறந்தார்' என்று நான் எழுதவில்லை, 'திறக்கப்பட்டது' என்று எழுதினேன். 'அவர் மாற்றவில்லை' என்று எழுதவில்லை, 'பயனர்' என்று எழுதினேன். அந்த நேரத்தில் அவர் எங்கள் வீட்டுச் சோபாவில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார் என்று தெரிந்துகொண்டே எழுதினேன். ஒரு வரியைக்கூடப் பொய் என்று யாரும் காட்ட முடியாது.

ஏழாவது வரிக்கு இடம் இருந்தது. பக்கத்தின் கீழே பாதி வெள்ளையாகத்தான் கிடந்தது. ஆறு பேரின் வேலைக்காக எழுதாமல் விட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தவறு எழுதப்பட்டதில்லை. முதல் தவறை என் கையாலேயே எழுத எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு சின்னக் காரணம்தான்.

விசாரணையில் அறிக்கையின் நகலை அவர் முன்னால் வைத்திருக்கிறார்கள். அன்று மேடையில் வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டதற்கு அவர் அபாங்கின் பெயரைச் சொல்லவில்லை. வாரக் கடைசியில் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அழைத்தார். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன்.

"படிச்சேன்" என்றார். "ஆறு பாயிண்டும் சரியா இருக்கு."

"நான்..."

"இல்ல, உண்மையாத்தான் சொல்றேன். நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். கீழ இன்னும் இருக்கும்னு பக்கத்தத் திருப்பிப் பாத்தேன். அவ்ளோதான்."

பின்னால் அவருடைய சேவல்கள் கத்துவது கேட்டது. மன்னித்துவிடுங்கள் என்று நான் சொன்னது அவர் போனை வைத்த பிறகா, அதற்கு முன்னாலா என்று எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து அவர் அம்மா என் அம்மாவை அழைத்தார். சண்டை இல்லை. "பையன் இப்போதைக்கு வேணாங்கிறான் சம்மந்தி" என்று, சம்மந்தி என்றே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். என் அம்மா போனை வைத்துவிட்டு என்னிடம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினாள். கேட்டு முடித்ததும் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தாள். தண்ணீரை நிறுத்தாமலே அங்கிருந்து சொன்னாள்:

"ஒரு வரி எழுதியிருந்தா கை என்ன தேஞ்சா போயிருக்கும்?"

அப்பாதான், "அவளை விடு" என்றார். எனக்கு அம்மா விடாமல் இருந்ததே தேவலை என்றிருந்தது.

அவர் சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சிங்கப்பூருக்கான இரண்டாம் பாலத்துக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்துகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். வேலைக்குக் கிளம்பும்போது சாலையைக் கடக்க அவற்றுக்காக நிற்க வேண்டியிருக்கும். கண்ணாடிகளில் சாய்ந்து தூங்குகிறவர்களின் தலைகள் தெரியும். நான் தேடுவதில்லை. ஆனால் பேருந்து முழுதாகப் போகும்வரை நிற்கிறேன்.

அடுத்த தீபாவளிக்கு முன்பே மென்பொருளின் புதிய பதிப்பு தயாரானது. திறந்தவுடன் ஆளைக் கேட்கும், எண்ணெய் வகையைக் கேட்கும், பதில் வராமல் சீட்டு அச்சிடாது. ஒவ்வொரு பதிப்போடும் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு குறிப்புத்தாள் கொடுப்பது வழக்கம். யாரும் படிக்க மாட்டார்கள். அதில் இப்படி எழுதினேன்: 'முந்தைய பதிப்பு எண்ணெய் வகையைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று முதலில் இருந்ததை எடுத்தது நான். தீபாவளியன்று நடந்த தவறுக்கு அது ஒரு காரணம்.' கீழே என் பெயர். முதலாளியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இப்ப எதுக்கும்மா?" என்றார். பிறகு, "சரி, போடு" என்றார். அதற்குள் மற்ற மூன்று கிடங்குகளும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருந்தன. கிடங்கின் மேலாளருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அந்த விஷயம் முடிந்துவிட்டது, நன்றி, என்று ஒரு வரியில் பதில் வந்தது.

பதிப்பை நிறுவ நானே பாசிர் கூடாங் போனேன். மேடையறையில் அபாங் இருந்தார். இருவருக்கும் மற்றவர் முகத்தைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. அவர் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். பெயிண்ட் வாளி நிரம்பியிருந்தது. எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

பழைய ஷார்ட்கட்கள் நான்கும் திரையில் அப்படியே இருந்தன. புதிய பதிப்பில் அவை வேலை செய்யாது. மோட்டார் சைக்கிளை அழித்தேன், டுரியானை அழித்தேன், மீனை அழித்தேன்.

"ஆயாம் ஜாங்ஙான்" என்றார் அபாங். சேவலை அழிக்க வேண்டாம். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "அது இருக்கட்டும் லா. படம் தானே."

"தட்டினா பிழைனு வரும் அபாங்."

"யாரு தட்டப் போறா?"

விட்டுவிட்டேன். குறிப்புத்தாளை அவர் கையில் கொடுத்தேன். அதை மலாயிலும் அச்சிட்டிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடசையப் படித்தார். என் பெயர் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் போய் சொல்றேன்னு சொன்னேன், தெரியுமா? ரெண்டு தடவை. மச்சா விடல. உன் பிள்ளைங்களப் பாருன்னான்." பெயரிலிருந்து விரலை எடுத்தார். "இது மச்சா படிச்சானா?"

"இல்ல."

"அனுப்பலியா?"

அனுப்ப என்னிடம் அவருடைய எண் இருந்தது. பலமுறை திறந்து, எழுதி, அழித்திருக்கிறேன். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அபாங் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "லம்பாட் லா, அடிக்" என்றார். தாமதம், தங்கச்சி. அவர் குரலில் கோபம் இல்லை. லாரி வர நேரமாகிவிட்டது என்பதைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

வெளியே ஹாரன் அடித்தது. நான் எழுந்துகொண்டேன். அவர் உட்கார்ந்து புதிய பதிப்பைத் திறந்தார். யார் என்று கேட்டது. பட்டியலில் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் பெயர் இருந்தது, சேவல் வளர்த்தவருடையது இல்லை. அபாங் தன் பெயரைத் தேர்ந்தெடுத்தார். என்ன எண்ணெய் என்று கேட்டது. ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார், அன்றைய லாரி அட்டவணையைப் பார்த்தார், தேர்ந்தெடுத்தார். சரிதானா என்று இன்னொரு முறை கேட்டது. மறுபடியும் ஹாரன்.

பழக்கதோஷத்தில் நான் கைப்பேசியில் நேரம் எடுத்துக்கொண்டிருந்தேன். சீட்டு அச்சாகி வந்தபோது நிறுத்தினேன். நாற்பத்தொரு விநாடி. தே ஓ கிளாஸைக் கழுவிக் கவிழ்க்க அது போதாது. அதைச் சொல்லிச் சிரிக்க அவர் அங்கே இல்லை.